பறவை, ஒன்று

எங்கள் ஆணையத்துக்கு ஒரே ஒரு வேலைதான். ஒரு விமானம் யார் கண்ணிலும் படாமல் பார்த்துக்கொள்வது. பதினான்கு வருடங்களாக அதைத்தான் செய்துவருகிறோம். ராடாரில் தென்படாத அந்த ஸ்டெல்த் விமானத்துக்கு 'அருவம்' என்று பெயர் வைக்க ஒரு குழு போட்டார்கள். வைத்த பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கட்டளையிட இன்னொரு குழு போட்டார்கள். இரண்டாவது குழுவிடம் யாரும் பெயரைச் சொல்லவில்லை. ஆகவே எதைச் சொல்லக்கூடாது என்று தெரியாமல் அவர்கள் எட்டு மாதம் கூடிக் கலைந்தார்கள்.

நான் அங்கே ராடார் பார்ப்பவன். மலை உச்சியில் கூடம், கீழே கடல். என் மேசையில் இருப்பது புது ராடாரின் திரை. மாதத்துக்கு இரண்டு முறை அருவம் வெள்ளோட்டம் போகும். அன்றைக்கு விருந்தினர்கள் வருவார்கள். என் முதுகுக்குப் பின்னால் அறுபது நாற்காலி போடுவார்கள். இயக்குநர் ஒரு குச்சியால் என் திரையைத் தொட்டுக் காட்டுவார்.

"நல்லாப் பாருங்க. ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் தெரியலையே."

"அதான்!"

உடனே கைதட்டல். இருபத்து மூன்று வருட வேலையில் நான் எதையாவது கண்டுபிடித்தபோது ஒருவரும் கைதட்டியதில்லை. ஒன்றும் தெரியாததற்குத்தான் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு முறை ஒரு விருந்தினர் ஜன்னல் பக்கம் திரும்பி, "அதோ போகுதே, கறுப்பா!" என்றார். அவரைத் தனியாக அழைத்துப்போய், தான் எதையும் பார்க்கவில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்று மாலையே ஜன்னல் முழுக்கக் கறுப்புக் காகிதம் ஒட்டப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு சிக்கல். கூடத்தின் மூலையில் நாற்பது வருடப் பழைய ராடார் ஒன்று இருந்தது. நாங்கள் அதைப் 'பெரியவர்' என்போம். புது ராடார்கள் அனுப்புவது குட்டி அலைகள். அருவத்தின் கோணல் உடம்பும் அதன் மேல் பூசிய மையும் அந்தக் குட்டி அலைகளை விழுங்கியோ வேறு பக்கம் திருப்பியோ விடும். பெரியவர் அனுப்புவது ஒரு ஆள் உயரத்துக்கும் மேலே நீளமான பழங்கால அலை. அதனிடம் அந்தக் கோணலும் மையும் எடுபடவில்லை. பெரியவரின் திரையில் அருவம் மங்கலாக, ஆனால் சந்தேகமே இல்லாமல், ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பெரியவரைக் கழற்றிப் போட்டிருக்கலாம். ஆனால் கழற்றுவதற்கான படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. 'நன்றாக வேலை செய்கிறது' என்று அதில் எழுத யாருக்கும் கை வரவில்லை. அதனால் ஒரு துணி தைத்தார்கள். கரும்பச்சை, நான்கு மூலையிலும் நாடா, ஓரத்தில் வரிசை எண். அருவம் பறக்கும் நேரத்தில் பெரியவரின் திரைமேல் அதைப் போர்த்திக் கட்டவேண்டும். துணிக்கு ஒரு காப்பாளர் நியமிக்கப்பட்டார். துணி வழியாகவும் வெளிச்சம் கசிந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்கு, வெள்ளோட்ட நேரத்தில் கடல் பக்கம் தெரியும் எந்தப் புள்ளியையும் பதிவேட்டில் 'பறவை, ஒன்று' என்று எழுதிவிடும்படி வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். எல்லா ராடாருக்கும் அதே உத்தரவு.

பெரியவரின் முன்னால் உட்கார்ந்திருந்தவர் அக்கா. என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் அருவத்தை ஓட்டும் விமானி அவருடைய கூடப்பிறந்த தம்பி. அவன் சாப்பாட்டு அறையில் நுழையும்போதே வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு வருவான். கேட்டுக் கேட்டு மொத்தக் கூடமும் அவரை அக்கா ஆக்கிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

வெள்ளோட்டம் தொடங்கியதும் அக்கா ஒழுங்காகத் துணியைக் கட்டுவார். காப்பாளர் வந்து முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். அவர் முதுகு மறைந்ததும் அக்கா ஒரு ஓரத்தைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொள்வார். அந்தக் காலத்துப் புகைப்படக்காரர் மாதிரி இருக்கும். தம்பிக்கும் இது தெரியும். கடலுக்கு மேல் போனதும் இடது பக்கமாக ஒரு சின்ன வட்டம் அடிப்பான். பயணத் திட்டத்தில் அந்த வட்டம் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற காலத்தில் தெருமுனை திரும்பும்முன் நின்று கையாட்டுவானாம். அதே கையாட்டல்தான். துணிக்குள்ளிருந்து அக்கா சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். பிறகு தலையை வெளியே எடுத்து, முடியை ஒதுக்கிக்கொண்டு, பதிவேட்டில் 'பறவை, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்.

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு அவன் கிளம்பினான். வட்டம் அடித்தான். பத்து நாற்பதுக்கு அக்கா நாற்காலி பின்னால் சரிய எழுந்து நின்றார். துணி அவர் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எரநூத்திப் பதினேழு டிகிரி, நாப்பத்தோரு கிலோமீட்டர். புள்ளி நின்னு அப்படியே மறைஞ்சுபோச்சு. சார், தம்பி விழுந்துட்டான். படகு அனுப்புங்க சார், சீக்கிரம்!"

இயக்குநர் ஓடி வந்தார். பதறித்தான் வந்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர் கண் முதலில் போனது துணியின் மேல்.

"துணிய யாரு எடுத்தது?"

அருவத்தை வானொலியில் கூப்பிட்டார்கள். பறக்கும்போது அருவம் எதற்கும் பதில் பேசக்கூடாது என்பது விதி. பேசினால் இருக்கும் இடம் தெரிந்துவிடும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. விமானி விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார் என்று குறித்துக்கொண்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் அவசரக் கூட்டம். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், சட்ட அலுவலர், துணிக் காப்பாளர். இந்தப் பக்கம் அக்கா. குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்தார்கள்.

"நீங்க எதைப் பாத்தீங்க?" என்றார் சட்ட அலுவலர்.

"விமானத்தை."

"எந்த விமானத்தை? கண்ணுல படாத விமானத்தையா?"

"சார், எனக்கு இந்தப் பேச்சு எல்லாம் வராது. அவன் எங்க விழுந்தான்னு எனக்குத் தெரியும். அங்க ஆள் அனுப்புங்க."

சட்ட அலுவலர் பெரியவரின் பதிவேட்டைத் திருப்பி அவர் முன்னால் வைத்தார். "பறவை, ஒன்று. பறவை, ஒன்று. மொத்தம் முப்பத்தெட்டு தடவை. இது உங்க கையெழுத்துதானே?"

"நீங்கதானே அப்படி எழுதச் சொன்னீங்க!"

"சொன்னதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கா?"

அக்கா என்னைப் பார்த்தார். எனக்கும்தான் வாய்மொழியாகச் சொல்லியிருந்தார்கள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"அப்போ இத்தனை நாளா இந்தத் திரையில வந்தது பறவை. நீங்களே எழுதியிருக்கீங்க. இன்னிக்கு விழுந்ததும் அதுவாத்தானே இருக்கணும்? பறவை விழுந்தா படகு அனுப்பறதுக்கு நமக்கு விதி கிடையாதும்மா."

அக்கா பதிவேட்டை மூடிச் சட்ட அலுவலர் பக்கமே தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, கடையில் கெஞ்சிப் பொருள் கேட்பவர் மாதிரிச் சொன்னார்: "சரிங்க சார். பறவைன்னே வச்சுக்குங்க. வெளிய குதிச்சிருந்தா மிதவையில ஏறியிருப்பான். தண்ணி குளிர்ந்து கெடக்கு. மூணு நாள் தாங்குவான், அதுக்கு மேல தாங்கமாட்டான். அந்தப் பறவைக்கு ஒரே ஒரு படகு அனுப்புங்க. நான் எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"எனக்கும் மனசு இருக்கும்மா. ஆனா யோசிச்சுப் பாருங்க. படகு அனுப்பினா தேடறோம்னு ஆகும். தேடினா தொலைச்சுட்டோம்னு ஆகும். சரியான இடத்துல போய்த் தேடினா, அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஆகும். தெரிஞ்சா அது அருவமே கிடையாது. பதினாலு வருஷ உழைப்பும்மா! எத்தனை குடும்பம் இதை நம்பி இருக்கு!"

"எங்க குடும்பமும் இதை நம்பித்தான் சார் இருந்துச்சு," என்றார் அக்கா.

இந்த வாக்கியத்தைக் குறிப்பில் சேர்க்கவேண்டாம் என்று சொன்னார்கள். நானும் சேர்க்கவில்லை.

ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமுடியாது. பயணத் திட்டத்தின்படி பதினொன்றரை மணிக்கு அருவம் ஓடுதளத்தில் இருக்கவேண்டும். ஆகவே ஓடுதளத்தில் தேடினார்கள். நாற்பது பேர் வரிசையாக நின்று, கைகளை முன்னால் நீட்டிக் காற்றைத் தடவிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்தார்கள். கண்ணில் படாத விமானம் அல்லவா, கையிலாவது படட்டும் என்றுதான். அக்காவைத் துணிகள் வைக்கும் அறையில் உட்காரவைத்து, துணியை ஏன் தூக்கினார் என்று விளக்கம் எழுதச் சொன்னார்கள். வாசலில் ஒரு காவலர்.

மூன்று மணிக்கு என் திரையில் ஒரு புள்ளி வந்தது.

இருநூற்றுப் பத்தொன்பது டிகிரி. நாற்பத்திரண்டு கிலோமீட்டர். குட்டி அலையில் பளிச்சென்று தெரியும் கூர்மையான புள்ளி. நீரோட்டம் இழுத்திருந்தால் ஒரு மிதவை அந்நேரம் அங்கேதான் இருக்கும். மிதவைக்குள் ஒரு மடக்குத் தகடு வைத்திருப்பார்கள். பிரித்து உயர்த்திப் பிடித்தால் ராடாரில் தெரியும், அதற்கென்றே செய்தது. அருவத்திலிருந்து அவசர வானொலியை எல்லாம் எங்கள் ஆட்கள் முன்பே பிடுங்கிவிட்டார்கள், ஒளிந்திருக்கிறவன் கூப்பாடு போடக்கூடாது என்று. மிதவை வேறு துறையிலிருந்து கட்டுக் கட்டாக வந்ததால் அந்தத் தகடு மட்டும் அவர்கள் கண்ணுக்குத் தப்பியிருந்தது.

பிரிவு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பறவை," என்றார்.

"இடமே மாறல சார்."

"தூங்குதோ என்னவோ. வெள்ளோட்டம் இன்னும் முடியலப்பா. விமானம் இறங்கினாத்தானே முடிஞ்சுதுன்னு அர்த்தம்? உத்தரவு என்ன?"

எனக்கு ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. 'பறவை, ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அரை மணிக்கு ஒரு முறை எழுதவேண்டும். எழுதினேன்.

சாயங்காலம் அக்காவுக்கு டீ எடுத்துப்போனேன். மேசைமேல் வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது.

"உங்க திரையில ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

காவலர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் இல்லக்கா," என்றேன். அவர் என்னை நம்பினார். அதை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இரண்டாம் நாள் காலை அக்காவின் அம்மா வாசல் கேட்டுக்கு வந்துவிட்டார். வாடகை வண்டியில், வீட்டுச் செருப்போடு. இரண்டு பிள்ளைகளும் ராத்திரி வீடு திரும்பவில்லை, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை என்றார். உள்ளே சேதி போனது. உள்ளிருந்து ஒரு கடிதம் வந்தது. அதை அவர் காவலரிடமே கொடுத்துப் படித்துக் காட்டச் சொன்னார். 'தங்கள் மகன் இருபத்து நான்கு மணி நேரமாக எந்த ராடாரிலும் தென்படாமல் பறந்து சாதனை படைத்துவருகிறார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.'

"இன்னும் எறங்கலையா?" என்றார் அம்மா.

"இறங்கலைன்னுதாம்மா போட்டிருக்கு."

"பசிக்குமே," என்றார்.

அன்று முழுக்கப் புள்ளி இருந்தது. சில சமயம் மறையும். தகட்டின் காம்பு முறிந்து, அவன் கையாலேயே தூக்கிப் பிடித்திருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. கை ஓயும்போது மறைந்து, மறுபடியும் தூக்கும்போது வந்திருக்கிறது. எனக்கு மாற்றாக உட்கார்ந்தவரும் பறவை என்றே எழுதினார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் பாராட்டு விழா. யாருக்கு இந்த யோசனை வந்தது என்று தெரியவில்லை, ஆனால் வந்ததும் எல்லோருக்கும் மூச்சு வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரமாக ஒரு ராடாரும் கண்டுபிடிக்காத விமானம்! உலகில் எங்கே நடந்திருக்கிறது? அறுபது நாற்காலி போதாமல் நூற்றிருபது போட்டார்கள். அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து, ஒரு பூங்கொத்தைக் கையில் கொடுத்தார்கள். காலை பத்து மணிக்கு இயக்குநர் என் மேசையருகே வந்து நின்றார். திரையில் புள்ளி இருந்தது. முந்தைய நாளைவிட அடிக்கடி மறைந்தது, ஆனாலும் திரும்பத் திரும்ப வந்தது.

"இது என்ன?"

"பறவை சார்," என்றேன். பிறகு எப்படியோ தைரியம் வந்து, "சார், அறுபது தடவைக்கு மேல எழுதிட்டோம். எந்தப் பறவையும் இப்படி ரெண்டு நாள் நீரோட்டத்தோடயே..." என்று ஆரம்பித்தேன்.

"விருந்தினர் கேட்டா என்ன சொல்றது? எல்லாருமா பறவை சாஸ்திரம் படிச்சிருக்காங்க?" அவர் திரும்பிப் பார்த்துக் கை காட்டினார். துணிக் காப்பாளர் இன்னொரு துணியோடு வந்தார். புதுத் துணி, மடிப்புக் கலையாதது. முன்னெச்சரிக்கையாக நேற்றே தைத்துவிட்டார்களாம்.

"கட்டுப்பா," என்றார் இயக்குநர்.

நான்கு நாடா. நான்கையும் நான்தான் கட்டினேன்.

அவ்வளவு கூட்டமும் இரண்டு துணிகளைப் பார்த்துக் கைதட்டியது. இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"எதிரி நம்மைத் தேடுவான், கிடைக்கமாட்டோம். நண்பன் தேடுவான், கிடைக்கமாட்டோம். இன்றைக்கு நாமே தேடினாலும் நமக்கே கிடைக்கமாட்டோம். இதைவிட ஒரு பாதுகாப்பு உண்டா?"

அம்மாவுக்கு ஒரு பதக்கம் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக்கிலிருந்து தள்ளியே நின்றார். ஆனாலும் கூடம் முழுக்கக் கேட்டது.

"அதுல எத்தனை மணி நேரத்துக்கு எண்ணெய் ஊத்துவீங்க?"

நாலு மணி நேரத்துக்கு. அந்தக் கூடத்தில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

"அது ரகசியம்மா," என்றார் இயக்குநர், மிகுந்த மரியாதையோடு. மறுபடியும் கைதட்டினார்கள்.

விருந்து முடிந்து, கடைசி வாகனம் மலை இறங்கியபோது மணி மூன்று. துணியை அவிழ்த்தேன். புள்ளி இல்லை. மூன்றரைக்கும் இல்லை. நாலுக்கும் இல்லை. 'பறவை இல்லை' என்று எழுதினேன். பிரிவு அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, பறந்துபோச்சு," என்றார்.

நான்காம் நாள் ஒரு மீன்பிடிப் படகு மிதவையைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. அவர்களுக்கு எந்த உத்தரவும் இல்லாததால் கண்ணில் பட்டதைப் பார்த்திருக்கிறார்கள். உள்ளே தம்பி இருந்தான். உடம்பில் ஒரு காயம்கூட இல்லை. இடது கையில் தகடு. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்கவேண்டியிருந்தது என்று படகுக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு அழுதார். அவருக்கு அவன் யாரென்றே தெரியாது.

சட்ட அலுவலர் துறைமுகத்துக்கே வந்தார். அருவம் இன்னும் தரையிறங்கவில்லை என்பதால் அதன் விமானியும் இன்னும் பறந்துகொண்டிருப்பதாகவே ஆணையம் கருதுகிறது, ஆகவே கிடைத்திருப்பவர் ஆணையத்துக்குச் சம்பந்தமில்லாத நபர் என்று எழுதிக்கொடுத்தார். சம்பந்தமில்லாத நபரை யார் வேண்டுமானாலும் எடுத்துப்போகலாமாம். தகட்டை மட்டும் விடவில்லை. ராடாரில் தெரியக்கூடிய பொருள் என்பதால் பறிமுதல் செய்தார். அக்காவையும் அன்றே விட்டுவிட்டார்கள். அவர் விளக்கம் என்று ஒரு வரிகூட எழுதியிருக்கவில்லை.

எல்லாம் முடிந்த மூன்றாவது நாள், என் பதிவேட்டைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதை வெளியே எடுத்துப்போவது பெரிய குற்றம். பதினோரு மாதத்தைப் பற்றி அப்போது நினைக்கவில்லை. அவனை நினைக்கவேண்டிய நாளில் அதைத்தான் நினைத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் பதக்கப் பெட்டி திறக்கப்படாமலே கிடந்தது. அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பதிவேட்டை அக்காவின் முன்னால் திறந்து வைத்தேன்.

அவருக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை. டிகிரியும் தூரமும் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பறவை, ஒன்று. பறவை, ஒன்று. பக்கம் திருப்பினார். பிறகு கையெழுத்தின் மேல் விரலை நிறுத்தி, தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அன்னிக்கு டீ கொண்டாந்தீங்களே. அப்பவே இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னடி அது? என்ன எழுதியிருக்கு?"

"தம்பி கை காட்டினதும்மா," என்றார் அக்கா. "அரை மணிக்கு ஒரு தடவ எழுதி வச்சிருக்காங்க."

அம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு என் எதிரே உட்கார்ந்தார். ஊரிலிருந்து வந்த பிள்ளையைப் பற்றி விசாரிப்பவர் மாதிரி, மெதுவாகத்தான் கேட்டார்.

"எப்ப வரைக்கும் காட்டினான்?"

"மூணாம் நாள் காலையில பத்து மணி வரைக்கும்மா."

"அதுக்கப்புறம்?"

தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அதுக்கப்புறம் நான் துணி போட்டுட்டேம்மா," என்றேன்.